தோளுக்குக் கீழே

இன்னும் ஒன்பது நாள்.

மூன்று வருடமாய் அவர்களை எனக்குத் தெரியும்
தோள் வரைக்கும்.
செவ்வகத்துக்குள் சிரிப்பார்கள்,
மியூட்டில் கோபிப்பார்கள்,
"கேட்குதா, கேட்குதா" என்று
கிணற்றுக்குள் விழுந்தவர்கள் மாதிரிக் கூப்பிடுவார்கள்.
கண்டியில் மழையென்றால்
தில்ருக்ஷி பாதிச் சொல்லில் உறைந்துபோவாள்,
வாய் திறந்தபடி.
வாமதேவனுக்குப் பின்னால் எப்போதும் ஒரு கொடி,
அதில் எப்போதும் அதே நீலத் துவாய்.
நௌபிறா கிண்ணியாதான்,
பாலம் கடந்தால் அரை மணித்தியாலம்.
ஆனாலும் நான் கண்டதெல்லாம்
அவளுடைய பச்சைச் சுவரும்
கூட்டங்களுக்கு அவளைவிட ஒழுங்காய் வருகிற பல்லியும்.

இப்போது எல்லோரும் வருகிறார்கள்.
உப்புவெளியில், கடலுக்கு முதுகு காட்டிய மண்டபத்தில்
இரண்டு நாள் மாநாடு.
நானூறு கதிரை சொல்லியாயிற்று.
கழுத்தில் தொங்கும் அட்டையில்
மூன்று மொழியிலும் பெயர் போடுகிறார்களாம்.
லேப்டொப் மூடியைத் துடைத்து
ஸ்டிக்கருக்கு இடம் வைத்திருக்கிறேன்,
கலியாண வீட்டுக்குக் கை நிறைய
மருதாணிக்கு இடம் விட்டவள் போல.

எனக்கு மேடையில் ஐந்து நிமிடம்.
கடற்கரை மைதானத்து மான்களை
எண்ணுகிற நிரல் ஒன்று எழுதியிருக்கிறேன்.
பழுப்பு நாயை அது மான் என்கிறது.
மதிலில் சாய்த்த சைக்கிளை
கொம்புள்ள மான் என்கிறது,
எழுபத்தொரு சதவீத நிச்சயத்தோடு.
காக்கிச் சட்டையில் குந்தியிருந்து
போன் பார்த்த ஒருவரைக் குட்டி என்றது.
அந்தப் படத்தை மேடையில் காட்டுவதில்லை
என்று முடிவெடுத்துவிட்டேன்.

போன வெள்ளி விடிய நாலு மணிக்கு
உண்மையான மான் ஒன்று
பஸ் நிலையச் சுவரில் எங்கள் சுவரொட்டியைத் தின்றது.
நிரல் பார்த்துக்கொண்டிருந்தது:
மான், ஒன்று, தொண்ணூற்றெட்டு சதவீதம்.
மாநாட்டில் "மா" போய்விட்டது.
"நாடு" மட்டும் பசையோடு நின்றது.
படத்தைக் குழுவில் போட்டேன்.
நாட்டைத் தின்னாமல் விட்ட
ஒரே பிராணி, என்று எழுதினான் வாமதேவன்.
அன்றைக்கு யாரும் வேலை செய்யவில்லை.

மத்திய வீதியில் சப்பாத்து வாங்கினேன்.
இரண்டும் புதிது.
ஒன்றுதான் கடிக்கிறது.
மற்றது யாழ்ப்பாணத்தில் அளவெடுத்துச் செய்த காலுக்கு,
அதற்கு என்ன போட்டாலும் சரி.
மறைத்தேன் என்றில்லை.
கமரா அவ்வளவு கீழே போவதில்லை,
அவ்வளவுதான்.
உவர்மலை ஏற்றத்தில் தினமும் மாலை
நடந்து பழகுகிறேன்,
மேடைக்கு நாலு படியாம்.
யாராவது கேட்டால் சொல்வேன்.
கேட்காவிட்டால்
கொத்து றொட்டிக்கடைக்குக் கூட்டிப்போய்
மேசைக்குக் கீழே அத்தனை கால்களையும்
ஒருதரம் குனிந்து எண்ணிப்பார்ப்பேன்.
யார் உயரம், யார் கட்டை,
சிரிக்கும்போது யார் காலாட்டுகிறவர்,
நௌபிறா என்ன அத்தர் போடுகிறாள்,
ஒன்றும் தெரியாது எனக்கு.
தெரியாமலா மூன்று வருடம்
ஒருவர் பிழையை ஒருவர் திருத்தினோம்?

இரவு ரயில் விடியப்புறம்தான் வந்துசேரும்.
மேடையில் நிற்பேன், ரயில் மேடையில்.
தூக்கம் கலையாமல் ஒரு கூட்டம் இறங்கும்,
எல்லோரும் முழு ஆட்களாய், பைகளோடு.
முகம் மட்டும் வைத்து எப்படிப் பிடிப்பது?
என் நிரலாய் இருந்தால்
பாதிப் பேரை மான் என்றுவிடும்.
வெட்கத்தை விட்டு
"கேட்குதா?" என்று ஒரு சத்தம் போடுவேன்.
திரும்புகிறவர்கள் எங்கள் ஆட்கள்.

மணி பதினொன்று.
கரண்ட் இன்னும் போகவில்லை.
இருநூறு படம் மேலும் கொடுத்துப் பழக்கி
மறுபடி ஓட்டிப் பார்க்கிறேன்.
நாய், நாயாகிவிட்டது.
சைக்கிள்
இன்னும் மான்தான்.